தவறுகளுக்கும் வேண்டும் ஒரு பொதுமொழி

விருதுநகர் மாவட்டத்தில் 2018 டிசம்பரில் நிகழ்ந்த துயரம் பலருக்கும் நினைவிருக்கும். சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தில் எச்ஐவி தொற்று இருந்தது. அந்த இரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்தது. தவறைக் கண்டுபிடித்துச் சொன்னவர் இரத்தம் கொடுத்த இளைஞர்தாம். வெளிநாட்டு வேலைக்காக வேறோரிடத்தில் பரிசோதனை செய்துகொண்டபோது தமக்குத் தொற்று இருப்பதை அறிந்த அவர், தாமே சென்று மருத்துவமனைக்குத் தெரிவித்தார். 2016இல் அவர் இரத்த தானம் செய்தபோதே தொற்று பதிவாகியிருந்தது என்பதும், அந்தச் செய்தி அவரைச் சென்றடையவில்லை என்பதும் பின்னர் வெளிவந்தன. சில நாள்களில் அந்த இளைஞர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இத்தகைய நிகழ்வுகளின்போது நம் சமூகம் கேட்கும் முதற்கேள்வி, 'யார் தவறு செய்தார்?' என்பதே. அது கேட்கப்பட வேண்டிய கேள்விதான். விசாரணை நடந்தது, ஊழியர்கள் மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. ஆனால், 'ஒரு பதிவேட்டில் இருந்த உண்மை, அது தேவைப்பட்ட இடத்துக்கு இரண்டு ஆண்டுகளாக ஏன் சென்று சேரவில்லை?' என்ற இரண்டாவது கேள்விக்கு நாம் அந்த அளவு இடமளிப்பதில்லை. நோயாளர் பாதுகாப்பு என்ற துறை பிறந்தது இந்த இரண்டாவது கேள்வியிலிருந்துதான்.

மருத்துவமனைக்குள் நேரும் தீங்குகளின் பரிமாணம் சிறியதன்று. குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளின் மருத்துவமனைகளில் பாதுகாப்பற்ற சிகிச்சையால் ஆண்டுதோறும் 13.4 கோடி பாதக நிகழ்வுகள் நேர்வதாகவும், அவற்றால் ஏறத்தாழ 26 லட்சம் பேர் உயிரிழப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இது மதிப்பீடுதான், கணக்கெடுப்பு அன்று. கணக்கெடுக்க வேண்டுமானால், எதை எண்ணுவது என்பதில் முதலில் உடன்பாடு வேண்டும். சிக்கல் தொடங்குவதே அங்குதான்.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். நம் நாட்டில் இன்சுலின் மருந்து இரண்டு அடர்த்திகளில் விற்கப்படுகிறது. ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு கொண்டது ஒன்று. 100 அலகு கொண்டது மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனி ஊசிக்குழல்கள் உண்டு. 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலில் தவறுதலாக எடுத்துவிட்டால், குழலின் கோடு 20 என்று காட்டும்போது உடலுக்குள் செல்வது 50 அலகு. இரண்டரை மடங்கு மருந்து, நோயாளி நினைவிழந்துவிடக்கூடும்.

இந்தத் தவறு மூன்று ஊர்களில் உள்ள மூன்று மருத்துவமனைகளில் ஒரே மாதத்தில் நிகழ்வதாகக் கற்பனை செய்துகொள்வோம். முதல் மருத்துவமனையின் குறிப்பேட்டில் 'சர்க்கரை குறைந்து மயக்கம். குளுக்கோஸ் கொடுக்கப்பட்டது' என்று எழுதப்படுகிறது. இரண்டாவதில் 'செவிலியரின் கவனக்குறைவு. எச்சரிக்கப்பட்டார்' என்று ஓர் உத்தரவு கோப்பில் சேர்கிறது. மூன்றாவதில், பக்கத்திலிருந்த மற்றொரு செவிலியர் குழலைப் பார்த்துத் தடுத்துவிடுகிறார். நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை என்பதால் எதுவும் எழுதப்படவில்லை. மூன்று இடங்களிலும் காரணம் ஒன்றே: இரண்டு வகைக் குழல்களும் ஒரே தட்டில் வைக்கப்பட்டிருந்தன. ஆனால் முதல் பதிவு நோயைப் பேசுகிறது. இரண்டாவது ஆளைப் பேசுகிறது. மூன்றாவது பதிவே இல்லை. இம்மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்பு எவருக்கும் கிடைப்பதில்லை. நான்காவது மருத்துவமனையில் அதே தட்டு அப்படியே இருக்கிறது.

பாதுகாப்புச் சம்பவங்களை அறிவிக்கும் முறையைத் தரப்படுத்த வேண்டும் என்பதன் பொருள் இங்கே தெளிவாகிறது. முதலாவது தேவை, பொதுவான வரையறை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வகைப்பாட்டுச் சட்டகம் இதற்கு வழிகாட்டுகிறது. நோயாளிக்குத் தேவையற்ற தீங்கை விளைவித்த, அல்லது விளைவித்திருக்கக்கூடிய எந்த நிகழ்வும் சூழ்நிலையும் பாதுகாப்புச் சம்பவமே. அதில் நான்கு படிகள் உண்டு. தீங்குக்கு வாய்ப்பிருந்தும் இன்னும் எதுவும் நிகழாத ஆபத்தான சூழ்நிலை ஒன்று. ஒரே தட்டில் இரு குழல்கள் என்பது அத்தகையது. நோயாளியை எட்டும் முன்பே தடுக்கப்பட்ட மயிரிழைத் தப்பல் இரண்டாவது. நோயாளியை எட்டியும் தீங்கு விளைவிக்காதது மூன்றாவது. தீங்கு விளைவித்தது நான்காவது. நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் நான்காவது மட்டுமே 'சம்பவம்' என்று கருதப்படுகிறது. அதுவும் உறவினர்கள் கூடிவிட்டால் மட்டும். முதல் மூன்றும் கட்டணமின்றிக் கிடைக்கும் பாடங்கள். அவற்றைத்தான் நாம் வீசியெறிகிறோம்.

இரண்டாவது தேவை, பொதுவான படிவம். அது நீண்டதாக இருக்க வேண்டியதில்லை. நோயாளியின் வயது, பாலினம், எப்போது, எந்தப் பிரிவில் நிகழ்ந்தது, எவ்வகைச் சம்பவம், எந்த மருந்து அல்லது கருவி தொடர்புடையது, விளைவு என்ன, உடனடியாக என்ன செய்யப்பட்டது, அறிவிப்பவர் மருத்துவரா, செவிலியரா, மருந்தாளுநரா – இவ்வளவே அடிப்படை. இத்தகைய குறைந்தபட்சத் தகவல் மாதிரி ஒன்றையும் உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. இவற்றுடன், நடந்ததைச் சொந்தச் சொற்களில் எழுத ஒரு வெற்றிடமும் வேண்டும். கட்டங்கள் ஒப்பிட உதவும். கதைதான் காரணத்தைக் காட்டும். 'இரண்டு குழல்களும் ஒரே தட்டில் இருந்தன' என்ற வாக்கியம் எந்தக் கட்டத்திலும் அடங்காது.

இது ஏதோ எழுத்தர் வேலை என்று எண்ணுவோர், வானூர்தித் துறையின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1974 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த டிடபிள்யூஏ நிறுவனத்தின் விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் இறந்தனர். இறங்குவதற்கு அளிக்கப்பட்ட அனுமதி என்ற சொல்லுக்குக் கட்டுப்பாட்டறை ஒரு பொருளும் விமானிகள் வேறொரு பொருளும் கொண்டிருந்தனர் என்பது விசாரணையில் தெரிந்தது. அதைவிட வேதனையான உண்மையும் வெளிவந்தது. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்பு, யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில், அதே குழப்பத்தால், மோதலிலிருந்து மயிரிழையில் தப்பியிருந்தது. அதன் விமானிகள் தங்கள் நிறுவனத்துக்கு அறிவித்தனர். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்கு அந்த எச்சரிக்கை செல்ல வழியே இருக்கவில்லை.

அந்த விபத்திலிருந்து பிறந்ததுதான் 1976இல் தொடங்கிய வானூர்திப் பாதுகாப்பு அறிவிப்பு அமைப்பு. அதை நடத்தும் பொறுப்பு, உரிமம் வழங்கவும் தண்டிக்கவும் அதிகாரம் பெற்ற விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் இல்லை. அத்தகைய அதிகாரம் ஏதுமற்ற நாசா நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தண்டிப்பவரிடம் எவரும் மனந்திறந்து பேசுவதில்லை என்ற எளிய உண்மையை அந்நாடு புரிந்துகொண்டிருந்தது.

மருத்துவத் துறையிலும் இதற்கு இணையான ஒரு படிப்பினை உண்டு. வின்கிரிஸ்டின் என்பது புற்றுநோய்க்கு அளிக்கப்படும் மருந்து. நரம்பு என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும் சிரையில் மட்டுமே அதைச் செலுத்த வேண்டும்; முதுகுத்தண்டில் செலுத்தினால் பெரும்பாலும் மரணம்தான். அதே நோயாளிக்கு முதுகுத்தண்டில் செலுத்த வேண்டிய வேறொரு மருந்தும் இருக்கும். இரண்டும் ஒரே மாதிரியான ஊசிக்குழலில் வரும். பிரிட்டனில் 1985க்குப் பிறகு, தவறான மருந்து முதுகுத்தண்டில் செலுத்தப்பட்டதால் குறைந்தது 13 பேர் இறந்தோ முடங்கியோ போனார்கள் என்பதை 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு சுகாதாரத் துறையின் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2001 முடிவதற்குள் இதை முற்றிலும் ஒழிப்பது என்று இலக்கும் வைத்தது. ஆனால் 2001இன் தொடக்கத்திலேயே நாட்டிங்காம் நகரில் 18 வயது இளைஞர் ஒருவர் இதே தவறுக்குப் பலியானார்.

ஒவ்வொரு முறையும் ஒரு மருத்துவர் கைகாட்டப்பட்டார். ஒவ்வொரு முறையும் அது தனித்த விபத்தாகவே தோன்றியது. எல்லாவற்றையும் வரிசையில் வைத்துப் பார்த்தபோதுதான் குற்றவாளி ஊசிக்குழல் என்பது விளங்கியது. இந்த மருந்தைக் குழலில் நிரப்பாமல், சிறிய திரவப் பையில் கலந்து சிரை வழியே மட்டும் செலுத்துங்கள் என்று 2007இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. பையில் இருப்பதை எவரும் முதுகுத்தண்டில் ஏற்ற முனைய மாட்டார்கள். எத்தனையோ எச்சரிக்கைச் சுற்றறிக்கைகளால் ஆகாததை ஒரு பை செய்துவிடும்.

பொருளியல் பயின்றவர்களுக்கு இங்கே ஒரு பழைய புதிர் தென்படும். பாதுகாப்புச் சம்பவம் பற்றிய தகவல் ஒரு பொதுநலப் பண்டம். அதை அறிவிக்கும் மருத்துவமனைக்குச் செலவும் அவப்பெயரும். பயன் பெறுவோர் முகம் தெரியாத வேறு மருத்துவமனைகளின் நோயாளிகள். செலவு ஒருவருக்கும் பயன் பலருக்கும் ஆகும் பண்டத்தைச் சந்தை தானாக உற்பத்தி செய்வதில்லை. அதோடு, ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து விளக்கிய தகவல் ஏற்றத்தாழ்வும் இங்கே சேர்ந்துகொள்கிறது. பத்துச் சம்பவங்களை நேர்மையாக அறிவிக்கும் மருத்துவமனை ஆபத்தானதாகத் தெரியும். ஒன்றையும் அறிவிக்காத மருத்துவமனை தூய்மையானதாகத் தெரியும். நேர்மைக்குத் தண்டனையும் மௌனத்துக்குப் பரிசும் வழங்கும் சந்தையில் நேர்மை நிலைக்காது. எல்லோருக்கும் பொதுவான விதி இருந்தால் மட்டுமே நேர்மையானவர் தனியாக இழப்படைய மாட்டார். நிறுவனங்களின் கணக்குப் பதிவுக்குத் தரநிலைகள் வந்ததும், தராசுக்கு அரசு முத்திரை வந்ததும் இதே காரணத்தால்தான்.

இந்தியாவில் எதுவுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மருந்துகளின் பக்கவிளைவுகளை அறிவிக்க 2010இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் உண்டு; காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. இரத்தம் ஏற்றுவதால் நேரும் பாதிப்புகளுக்கு 2012 முதலும், மருத்துவக் கருவிகளால் நேரும் பாதிப்புகளுக்கு 2015 முதலும் தனித்தனித் திட்டங்கள் உள்ளன. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளுக்கு மற்றொன்று. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய வாரியமும் உள்ளகச் சம்பவப் பதிவை வலியுறுத்துகிறது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய நோயாளர் பாதுகாப்புச் செயல்திட்டமும் அறிவிப்பு முறைகளை வலுப்படுத்துவதை ஒரு குறிக்கோளாகக் கொண்டிருந்தது.

ஆனால் இவை தனித்தனித் தீவுகள். மருந்துக்கு ஒரு படிவம், இரத்தத்துக்கு ஒரு படிவம், கருவிக்கு ஒரு படிவம். வலக்காலுக்குப் பதில் இடக்காலில் அறுவை சிகிச்சை, பெயர் மாறி வேறொருவருக்குச் செய்யப்பட்ட பரிசோதனை, கட்டிலிலிருந்து விழுந்த முதியவர், பணி மாறும்போது சொல்லப்படாமல் விடுபட்ட ஒவ்வாமைக் குறிப்பு ஆகியவற்றுக்கு நாடு முழுவதற்குமான பொதுப் படிவம் எது? நம் இன்சுலின் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். அது மருந்தின் பக்கவிளைவா, கருவியின் பழுதா? இரண்டுமில்லை, மருந்தும் சரி, குழலும் சரி, சேர்க்கைதான் தவறு. தீவுகளுக்கு இடையிலான கடலில் விழுவது இத்தகைய தவறுகளே.

படிவத்தை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால் போதுமா? போதாது. எழுதினால் என்ன ஆகும் என்ற அச்சம் நீங்காதவரை எந்தப் படிவமும் வெற்றுத்தாள்தான். 1995இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்வழி கட்டண மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, மருத்துவ அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் மருத்துவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை என்கிறது. இவை நோயாளியின் உரிமையைக் காப்பவை. அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், தாமே முன்வந்து எழுதிய அறிக்கை நாளை தமக்கெதிரான சான்றாகும் என்றால், எந்தச் செவிலியர் எழுதுவார்?

டென்மார்க் இதற்கு ஒரு விடை கண்டது. 2004இல் நடைமுறைக்கு வந்த நோயாளர் பாதுகாப்புச் சட்டம், சம்பவங்களை அறிவிப்பதை மருத்துவப் பணியாளர்களின் கடமையாக்கியது. அதேவேளையில், அறிவித்த காரணத்துக்காக எவர்மீதும் துறை நடவடிக்கையோ குற்ற நடவடிக்கையோ எடுக்கலாகாது என்றும் உறுதியளித்தது. பின்னாளில் நோயாளிகளும் உறவினர்களும் அறிவிக்க வழிசெய்தது. அமெரிக்காவின் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் அறிக்கைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்து, அவற்றுக்குப் பொதுப் படிவங்கள் உருவாகவும் வழிவகுத்தது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். இந்தப் பாதுகாப்பு தவறு செய்தவருக்கு ஒளிவிடமாகிவிடாதா? ஆகாது; இரண்டு ஆவணங்களையும் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். சிகிச்சைக் குறிப்பேடு நோயாளிக்கு உரியது. என்ன நடந்தது என்ற உண்மை அதில் இருந்தே தீர வேண்டும், நோயாளிக்கும் குடும்பத்துக்கும் அது நேர்மையாகச் சொல்லப்பட்டே தீர வேண்டும். இழப்பீடு கோரும் உரிமையும் குற்ற விசாரணையும் அந்த ஆவணத்தின் வழியே முன்போலவே தொடரும். கற்றலுக்காக எழுதப்படும் சம்பவ அறிக்கைக்கு மட்டுமே பாதுகாப்பு. வேண்டுமென்றே இழைக்கப்பட்ட தீங்குக்கும், குடிபோதையில் பணியாற்றியதற்கும் அதில் இடமில்லை.

மற்றொரு எச்சரிக்கையும் தேவை. அறிக்கைகளின் எண்ணிக்கையை வைத்து மருத்துவமனைகளைத் தரவரிசைப்படுத்தக் கூடாது. அறிக்கை மிகுதியாக வரும் மருத்துவமனையில் ஆபத்து மிகுதி என்பதில்லை. அங்கே பேசும் துணிவு மிகுதியாக இருக்கலாம். எண்ணிக்கையை இலக்காக்கிய மறுநாளே எண்கள் பொய்யாகத் தொடங்கும். அதேபோல், குவிப்பதே குறிக்கோளாகவும் ஆகிவிடக் கூடாது. இங்கிலாந்தின் தேசிய அறிவிப்பு அமைப்புக்கு ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் வந்தன. அத்தனையையும் படித்துப் பாடம் எடுப்பதே பெரும் சவாலானது. அண்மை ஆண்டுகளில் அதன் இடத்தில் புதிய அமைப்பை அந்நாடு கொண்டுவந்துள்ளது. அறிவித்தவருக்கு, 'நீங்கள் எழுதியதால் இது மாற்றப்பட்டது' என்ற பதில் சென்றால்தான் அவர் மறுமுறையும் எழுதுவார்.

தமிழ்நாட்டால் இது முடியுமா? முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. மகப்பேற்றின்போது நேரும் தாய்மார் மரணங்களை அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி அறிவிக்கச் செய்து, ஒவ்வொன்றையும் வரையறுத்த கேள்விகளைக் கொண்டு ஆராயும் முறையை நம் மாநிலம் நெடுங்காலமாக நடத்தி வருகிறது. மரணம் மருத்துவமனையில் நேர்ந்ததா, வழியில் நேர்ந்ததா, எங்கே தாமதம், இரத்தம் கிடைத்ததா என்ற கேள்விகள் எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவானவை. அதனால்தான் விடைகளைச் சேர்த்துப் பார்க்க முடிந்தது. 2018–20 காலத்துக்கான மாதிரிப் பதிவு முறையின்படி, ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய்மார் இறப்பு இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. இந்த வேறுபாட்டுக்குப் பெண்கல்வி, சாலை வசதி, ஆரம்ப சுகாதார நிலையங்கள் எனக் காரணங்கள் பல. எனினும், ஒவ்வொரு மரணத்திலிருந்தும் ஒரே முறையில் பாடம் கேட்ட பழக்கத்துக்கும் அதில் பங்குண்டு.

அந்தப் பழக்கத்தை மரணத்திலிருந்து தவறுக்கும், மகப்பேற்றுப் பிரிவிலிருந்து மருத்துவமனை முழுவதற்கும் விரிவாக்குவதே அடுத்த படி. முதலில், தமிழில் ஒரு பக்கப் படிவம். இரவுப்பணியில் நாற்பது நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர் ஐந்து நிமிடங்களில் கைப்பேசியிலேயே நிரப்பக்கூடியதாக அது இருக்க வேண்டும். அடுத்து, அறிக்கைகளைப் பெற்று ஆராயும் அமைப்பு, உரிமம் வழங்குவோரிடமும் துறை நடவடிக்கை எடுப்போரிடமும் இருந்து விலகியிருக்க வேண்டும். ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் அதற்குத் தகுந்த இடமாகலாம். மூன்றாவதாக, அறிக்கைக்குச் சட்டப் பாதுகாப்பு. நான்காவதாக, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பொதுப்பணம் பெறும் தனியார் மருத்துவமனைகள் இந்த முறையில் இணைவதை ஒரு நிபந்தனையாக்கலாம். நிபந்தனை இணைவதற்கு மட்டுமே இருக்க வேண்டும். சம்பவ எண்ணிக்கைக்கும் கட்டணத்துக்கும் முடிச்சுப் போடக் கூடாது.

இதற்குச் செலவாகாதா என்று நிதித் துறை கேட்கக்கூடும். வளர்ந்த நாடுகளிலேயே மருத்துவமனைச் செலவில் ஏறத்தாழ 15 விழுக்காடு, சிகிச்சையின்போது நேர்ந்த தீங்குகளைச் சரிசெய்யவே போகிறது என்று 2017இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு கணக்கிட்டது. நம் நாட்டில் அத்தகைய செலவின் பெரும்பகுதி எந்த வரவு செலவுத் திட்டத்திலும் தெரிவதில்லை. கூடுதலாகப் படுக்கையில் கிடந்த பத்து நாள்களுக்கு நகையை அடகு வைக்கும் குடும்பம் அதைச் செலுத்திவிடுகிறது. அரசின் கணக்கில் வராத செலவு, செலவில்லை என்று ஆகிவிடாது.

இரத்தம் கொடுத்த அந்த இளைஞர் தம் பங்குக்கு உண்மையைச் சொல்ல ஓடிவந்தார். அவர் அறிந்ததை அறிந்திருக்க வேண்டியது அவருக்கு முன்பே அங்கிருந்த ஒரு பதிவேடு. தனி மனிதரின் மனச்சான்றை நம்பி ஒரு மருத்துவ அமைப்பு இயங்கக் கூடாது. எங்கோ ஓர் ஊரில் இன்றிரவு ஒரு செவிலியர் தவறான குழலைக் கண்டு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். அதை அவர் அச்சமின்றி எழுதவும், அந்த எழுத்து நாளைக் காலை அடுத்த ஊருக்குப் புரியவும் வழிசெய்வது அரசின் கடமை.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (பணி நிறைவு).